சொன்னவர், இடம், நாள்

ஐந்தரைக்கு எழுந்தான். குளித்தான். பால் காய்ச்சினான். சோற்றை டப்பாவில் அடைத்தான். கரண்டியைத் துணியால் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். ஜாடியைத் திறந்து ஊறுகாயில் ஒரே ஒரு துண்டை எடுத்துச் சோற்றின் ஓரத்தில் வைத்தான். அடியில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். அவன் மனைவி போட்டது. அவள் போய் நான்கு மாதமாகிறது.

அகராதி அலுவலகத்தில் வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு. மேலே பொருள், அதன் கீழ் பேச்சில் வரும் ஒரு வாக்கியம், அடியில் சொன்னவர், இடம், நாள். வாக்கியத்தை இட்டுக்கட்டக் கூடாது. யாரோ வாயால் சொல்லி நாம் காதால் கேட்டதாக இருக்க வேண்டும். அதில் அங்கே கறார். 'ஊறுகாய்' சீட்டில் பொருளை எப்போதோ எழுதிவிட்டான்: உப்பும் காரமும் சேர்த்து, நாள்பட்டும் கெடாதபடி ஊறவைத்த காய். வாக்கியத்துக்கு விட்ட இடம் மூன்று வாரமாகக் காலி.

பக்கத்து மேசை அக்கா அன்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, இதுக்குப் போயி இவ்வளவு யோசனையா? 'தொட்டுக்க ஊறுகாயாவது இருக்கா'ன்னு எங்க வீட்டுக்காரர் தினம் என் சமையலப் பாத்துக் கேக்கறாரு. அதையே எழுதிக்கோ. சாயங்காலம் அச்சுக்குப் போகணும்."

"நான் கேட்டது ஒண்ணு இருக்குக்கா."

"அப்ப எழுத வேண்டியதுதானே?"

அவன் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கடைசியாகத் தன் மகள் என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றிருந்தான். அது இட்டுக்கட்டியது. அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள். வாரம் தவறாமல் போனில் அதையே சொல்லி அழுவாள். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்பாள். உண்மையில் கேட்டதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அதுவும் தீர்ந்துபோகும் என்று பயம்.

மதியம் டப்பாவைத் திறந்தான். அந்தத் துண்டைக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்து, பிறகு தின்றான். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, சீட்டை அடியிலிருந்து எழுதத் தொடங்கினான்.

சொன்னவர்: என் மனைவி. இடம்: ஆபரேஷன் தியேட்டர் வாசல். நாளையும் எழுதினான்.

சக்கரக் கட்டிலைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். அவள் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஊறுகாயில ஈரக் கரண்டியப் போட்டுடாத, பூசணம் புடிச்சிடும்."