பூதத்தின் அம்மா ஊர்

ஞாயிறு மதியமானால் மோகனூர் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் காளியண்ணனும் ராசுவும் பூதத்திடம் உதை வாங்குவார்கள். உதைக்க வைப்பவன் மணியன். 1984-ல் அவனுடைய தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஆட்டம் அது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உண்டாக்கி அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். வெற்றி தோல்வியைத் தாயக்கட்டை சொல்லும்.

மூன்று வாரமாக அதே கோட்டை வாசல், அதே பூதம். அதன் பல், நகம், இரும்புத் தடி பற்றியெல்லாம் மணியன் நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தான். தன் கல்யாணத்துக்குக்கூட அவன் இவ்வளவு யோசித்ததில்லை.

“இன்னிக்கும் செத்தோம்னா, அடுத்த வாரத்துலிருந்து சீட்டுக்கட்டுதான்” என்றான் காளியண்ணன்.

மணியன் பூதத்தின் நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். வாரமெல்லாம் ஆய்வகத்தில் கரும்புச்சாற்றை முகர்பவனுக்கு இந்த ஒரு மதியம்தான் உயிர். பூதத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்திருக்கலாம். மானம் விடவில்லை.

ராசு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், அவன் இடத்தில் காளியண்ணன் மனைவி மயிலம்மாள் உட்கார்ந்தாள்.

“வாளா, மந்திரமா அம்மிணி?” என்று கேட்டான் மணியன்.

“ரெண்டும் வேண்டாங்ணா. எம் பேரு வெள்ளையக்கா. வயசு அறுவது, முழங்கால் வலி. பொண்ணு மாப்பிள்ளை பாத்துக் குடுக்கறவ. கையில ஜாதகப் பை.”

“பையில பூதத்தை அடிப்பியாக்கும்?” என்று சிரித்தான் காளியண்ணன்.

“நீங்க வாள்ல அடிச்சு என்னத்தைக் கண்டீங்க?”

காளியண்ணனின் வீரன் முதல் அடியிலேயே விழுந்தான். அடுத்து வெள்ளையக்காவின் தலைக்கு மேல் தடி உயர்ந்தது.

“ஏஞ்சாமி, இந்த வெயில்ல நிக்கறயே, உங்கம்மா பொறந்த ஊரு எது?”

மணியன் நோட்டைப் புரட்டினான். பல் இருந்தது, நகம் இருந்தது. அம்மா இல்லை. நாற்பது பக்க மேதை!

“ராசிபுரமுங்க” என்று உளறினான். பூதம் ‘ங்க’ போட்டதைப் பிறகுதான் கவனித்தான்.

“நெய்க்கடைக்குப் பின்னால இருக்கற ஊடா? அட, அவ என் சின்னம்மா மகளாச்சே! பெரியம்மாளையா அடிக்கப் போற?”

“அதெல்லாம் செல்லாது. பன்னெண்டு விழுந்தாத்தான் பூதம் நம்பும்” என்றான் மணியன்.

மயிலம்மாள் கட்டையை உருட்டினாள். மூன்று. காளியண்ணன் சீட்டுக்கட்டைத் தேடிக் கையை நீட்டினான்.

மணியன் அவள் முகத்தைப் பார்த்தான். மூன்று வாரமாகப் பூதத்தைக் கொல்லத்தான் ஆட்கள் வந்தார்கள். அம்மாவைப் பற்றி விசாரிக்க வந்தவள் இவள் ஒருத்திதான். எழுதியவனுக்கே தோன்றாதது.

“பூதம் நம்பல” என்றான் மெதுவாக. “ஆனாலும் கேக்குது… ‘எங்கம்மாளை நெசமாலுமே தெரியுமுங்களா?’”

“தெரியாம என்ன! தடியை அப்படி வெச்சுட்டு உக்காரு, சொல்றேன்.”

அரைமணி நேரம் சொன்னாள். அந்த அம்மாவின் கோபம், கைமணம், கம்மல் தொலைந்த கதை எல்லாம் வந்தது. கோட்டை வாசல் எப்போது திறந்தது என்று மணியனுக்கே தெரியவில்லை.

“மணியா” என்றான் காளியண்ணன். “அந்த வீரன் செத்தே கெடக்கட்டும். அடுத்த வாரம் எனக்கு வேற ஆளு வேணும். பூதத்துக்குத் தாய்மாமன்.”

“அப்ப நீங்க எனக்குத் தம்பி மொறையாவீங்க, பாத்துக்கங்க” என்றாள் மயிலம்மாள்.

“ஆனா ஆயிட்டுப் போகுது. எழுதுடா.”