தாசையன் கேட்ட ஒரு வரி

1

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பால் பாக்கெட்டை எடுத்தான். பல் தேய்த்தான். அரிசி களைந்து குக்கரில் வைத்தான். மூன்று விசில். அதற்குள் சவரம். முந்தைய நாள் மீன்குழம்பைச் சூடாக்கினான். எவர்சில்வர் பாத்திரத்தில் சோறு, ஓரமாகக் குழம்பு. மூடினான். ஆறு ஐம்பத்தைந்துக்கு வீட்டைப் பூட்டி, பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேமம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் அதைப் பையில் வைப்பதில்லை. மடியில் வைத்துக்கொள்வான். கண்டக்டருக்குப் பழகிவிட்டது.

"சாரே, உள்ள கோழிக்குஞ்சு உண்டோ?"

"சோறு."

"சோறு பறந்து போவாது. பையில வையும்."

அவன் வைக்கவில்லை.

[இது நான்காவது தொடக்கம். முதலாவது மழையில் ஆரம்பித்தது. இரண்டாவது ஆஸ்பத்திரி வராந்தாவில். மூன்றாவது 'அவள் சிரிக்கும்போது' என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டது.]

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளிலிருந்து. கல்லறைக் கல் கொத்தும் தாசையன் கொடுத்த தாள். அதில் நான்கு கோடுகள்: பெயர், பிறப்பு, இறப்பு, வாசகம். கீழே கணவர் கையெழுத்துப் போட ஓர் இடம். முதல் மூன்றையும் நிரப்பியாயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாளை வாங்க தாசையன் வருகிறார். நான்காவது கோட்டில் என்ன எழுதுவது என்று தெரியாததால்தான் இத்தனை பக்கம்.

அவன் பெயர் சத்தியநேசன். வயது முப்பத்தொன்று. கல் அவன் மனைவி ஷெமிக்கு. அவள் போன வருடம், 2001 ஜூலையில், இறந்தாள்.

அவன் நான்தான். ஆனாலும் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன்.

2

காரணம் தொழில் சம்பந்தப்பட்டது.

நெய்யாற்றின்கரையில் பிஎஸ்ஸி பிசிக்ஸ் படித்த சத்தியநேசன், பாங்கோட்டுப் பக்கம் ராணுவப் பணிமனை ஒன்றில் சிவிலியன் மெக்கானிக். அவன் பழுது பார்ப்பது வயர்லெஸ் செட் அல்ல. அதைத் தூரத்திலிருந்து இயக்கும் பெட்டிகள். செட் பேச ஆரம்பித்தால் அது எங்கே இருக்கிறது என்பதை எதிரி கண்டுபிடித்துவிடலாம். ஏரியல் நிற்கிற இடத்தில்தான் குண்டு விழும். அதனால் பேசுகிறவன் செட்டின் பக்கத்தில் உட்காரக் கூடாது. செட்டை மேட்டில் வைத்துவிட்டு, இரட்டைக் கம்பியை இழுத்துக்கொண்டு போய், எங்கோ ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். இதற்கு இரண்டு பச்சைப் பெட்டிகள். ஒன்று செட்டின் பக்கத்தில். மற்றது பள்ளத்தில். பள்ளத்திலிருந்து பேசினாலும் குரல் மேட்டிலிருந்துதான் போகும்.

'அவன்' என்பது நான் உட்கார்ந்திருக்கும் பள்ளம். இதற்குமேல் விளக்க மாட்டேன்.

வேலை எளிது. பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது. கம்பி மாட்டும் திருகுகளில் பச்சை பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்ப்பது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவுவது. கடைசியில் கம்பிச் சோதனை. விழிஞ்ஞத்துக்காரன் ஷாஜி பணிமனையில் ஒரு பெட்டியோடு இருப்பான். மைதானத்தின் அந்தக் கோடியில், தகரக் கொட்டகையில், சத்தியநேசன் மற்ற பெட்டியோடு. ஒருவர் சொல்வதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு பதிவேட்டில் எழுத வேண்டும்: நேரம், சொன்னவர், கேட்டது.

கேட்டதை மட்டும். ஒரு சொல் விட்டுப்போனால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். 'இப்படித்தான் சொல்லியிருப்பார்' என்று நிரப்பக் கூடாது. நிரப்பினால் பழுதான பெட்டி நல்ல பெட்டியாகிவிடும்.*

* ஷாஜி நிரப்புவான். 'அண்ணே, எப்பவும் ஒண்ணு ரெண்டு மூணுதானே சொல்லுவிய. காதில விழுந்தா என்ன, விழலன்னா என்ன?' சத்தியநேசன் இதற்காக அவன்மேல் இரண்டு முறை மேலே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

ஷெமியை எழுத வேண்டும். எழுத வரவில்லை.

'அவள் கூந்தலில்

(வேண்டாம். அவள் தலைமுடியைப் பற்றி எனக்கு நினைவிருப்பது, அது குளியலறைக் குழியை அடைத்துக்கொள்ளும் என்பதுதான்.)

'எப்போதும் பிறருக்காகவே வாழ்ந்த

(பொய். ஐஸ்கிரீம் வாங்கினால் பங்கு தர மாட்டாள்.)

பேச்சு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதனால் பேச்சையே வைக்கிறேன். கல்யாணமான புதிதில்:

"அங்க போய் உக்காந்து என்னதான் பேசுவிய?"

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு. பிறகு தலைகீழா."

"இதுக்கு பிஎஸ்ஸி வேணுமா?"

"அந்தப் பக்கம் கேக்குறவனும் பிஎஸ்ஸிதான்."

"வெளங்கிரும் பட்டாளம்."

அவள் பாப்பனங்கோட்டில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தாள். கல்யாண அழைப்பு, விற்பனைப் பத்திரம், இறந்தவரின் கடைசி வார்த்தையைப் போட்டு அச்சடிக்கும் நினைவு அட்டை. மலையாளமும் தமிழும் அடிப்பாள். நினைவு அட்டை வந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் சொல்வாள்:

"சாவப்போற எல்லாரும் வேத வசனம்தான் சொல்லுவாவளா? கம்ப்யூட்டர்ல ஒண்ண அடிச்சு வச்சிட்டுப் பேர மட்டும் மாத்துனாப் போதும்போல இருக்கு. ஒருத்தராவது 'கொடைய எங்க வச்ச'ன்னு கேட்டுட்டுச் செத்திருந்தா, நான் சந்தோசமா அடிச்சுக் குடுப்பேன்."

இதை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் தாசையனின் தாளில் எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பேன்.

4

அந்த வியாழக்கிழமை.

ஷெமிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மழைக்காலம், எல்லா வீட்டிலும் காய்ச்சல். அவன் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்திருந்தான். காலையில் கால் கடுக்கிறது என்றாள். ஆனாலும் எழுந்து சோறு வைத்து, புளிசேரி என்கிற மஞ்சள் மோர்க்குழம்பை ஊற்றி, பாத்திரத்தை மூடிக் கொடுத்தாள். அன்று பணிமனையில் வருடாந்தர ஆய்வு. பதினான்கு ஜோடிப் பெட்டிகளும் தயாராக இருக்க வேண்டும். அவன் பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

கரமனைப் பாலம் வரும் முன்பே புளிசேரி கொட்டிவிட்டது. பையிலிருந்த ஆய்வுத் தாள்கள் மஞ்சளாயின. ஒரு மூடியை ஒழுங்காக மூடத் தெரியாதா இவளுக்கு என்று நினைத்தான். நினைத்ததோடு நிற்கவில்லை, வாய்விட்டுச் சொன்னான். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

[மேலே ஒரு வாக்கியத்தை விட்டிருக்கிறேன். தெரிந்தேதான்.]

பதினொன்று பத்துக்குத் தகரக் கொட்டகையில் பெட்டியின் மணி அடித்தது. அவன் ரிசீவரை எடுத்தான். பென்சிலையும் எடுத்தான்.

"அண்ணே, டெஸ்ட் இல்ல."

"டெஸ்ட் இல்ல" என்று அவன் திருப்பிச் சொன்னான். எழுதினான்.

"வீட்டில இருந்து போன்."

"வீட்டில இருந்து போன்."

"பக்கத்து வீட்டு அக்கா விளிச்சாவ. சேச்சி பின்வாசல்ல விழுந்து கிடக்காவளாம். போதமில்ல."

"பக்கத்து வீட்டு அக்கா விளிச்சாவ. சேச்சி பின்வாசல்ல..."

"அண்ணே! திருப்பிச் சொல்லாதிய! ஓடி வாங்க!"

அதையும் திருப்பிச் சொன்னான். பிறகுதான் ஓடினான்.

அந்தப் பக்கம் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. மேலே அவன் கையிலிருந்து ஒட்டிய மஞ்சள் கறை. கீழே அவன் கையெழுத்தில், கோணாமல், நேரம் போட்டு: 11.10. ஷாஜி. டெஸ்ட் இல்ல. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாராம்.

ஷெமி கண் திறக்கவில்லை. எலிக்காய்ச்சல் என்றார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால்

(அந்த டாக்டர் நல்லவர். வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.)

வெள்ளிக்கிழமை மதியம் இறந்தாள்.

5

இனி பொய்.

ஷெமியின் அம்மா சுசீலாபாய் பாறசாலையிலிருந்து வியாழன் சாயங்காலமே வந்துவிட்டார். அப்போதே மகளுக்குப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை வராந்தாவில் மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

"மருமவனே, நீங்கதான கூட இருந்திய. எம்பிள்ள கடைசியா என்ன சொன்னா?"

அவனுக்குத் தெரியும். சொல்லைச் சொல்லாக நினைவிருந்தது. அதைச் சொல்ல வாய் திறந்தான்.

"கர்த்தர் என்னக் கைவிடமாட்டாருன்னு சொன்னா, அம்மா."

பிடி தளர்ந்தது. சுசீலாபாய் தரையில் உட்கார்ந்து, "சொன்னாளா? எம்பிள்ள சொன்னாளா?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். முதல் தடவையாகச் சத்தம் வந்து அழுதார். அவன் மூன்று முறை ஆமாம் என்றான்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் அவன் கையில் இல்லை. போதகர் அடக்க ஆராதனையில் சொன்னார். முப்பதாம் நாள் ஜெபத்திலும் சொன்னார். நினைவு அட்டையில் அச்சாயிற்று. அவள் வேலை பார்த்த கடையிலேயே, அவள் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து அடித்தாள். சுசீலாபாய் அட்டையைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். இப்போது கல்.

தாசையன் போன வாரம் வந்தபோது:

"வாசகம் எனக்குத் தெரியும் சாரே. போதகரு ரெண்டு தடவ சொன்னாருல்லா. ஆனாலும் நீங்க எழுதித் தரணும். முன்ன ஒரு பெரியவருக்கு வாயால சொன்னத வச்சுக் கொத்திட்டேன். பிறகு மூணு மக்களும் மூணு மாதிரி சொல்லுதானுவ. நல்ல கல்லு, வீணாப் போச்சு."

"ஒண்ணும் எழுதாம விட்டா?"

"வெறுங்கல்லா? ஆளுக பேசுவாவ. நாலு வார்த்த போடுங்க சாரே, செத்தவளுக்கு ஒரு மரியாத வேண்டாமா?"

கேட்டதை மட்டும் எழுது என்று ஷாஜியைக் கண்டித்தவன் சத்தியநேசன். நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். இந்த ஆளை இந்தக் கதையில் எவ்வளவு தூரம் நம்புவது என்று எனக்கே தெரியவில்லை.

6

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

முதலாவது: கையெழுத்துப் போடுகிறான். கல் நிற்கிறது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து சுசீலாபாய் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டுகிறார். அவன் பக்கத்தில் நிற்கிறான். முப்பது வருடம் நிற்கிறான். கல்லுக்குக் கீழே இருப்பவள் சிரிக்கிறாள்; தன் கம்ப்யூட்டரில் பேரை மட்டும் மாற்றிவிட்டார்களே என்று.

இரண்டாவது: பாறசாலைக்குப் போய் உண்மையைச் சொல்கிறான். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் அடிக்கிறார். ஒன்றில் எழுந்து அடுப்படிக்குப் போகிறார். ஒன்றில் 'எனக்கு அப்பவே தெரியும் மருமவனே' என்கிறார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. அவர் நம்பினார். சர்க்கரை வியாதிக்காரர், அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறார்.

மூன்றாவது: தாளைக் காலியாகவே

(இல்லை. காலியாக விடுவது, கேட்காதவன் செய்வது. அவன் கேட்டான்.)

7

பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் மூடி. எண் பொறித்திருக்கும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டாலும் மூடிக்கொள்ளும். ஆனால் ரப்பர் சரியாகப் படியாது. மழையில் தண்ணீர் இறங்கும். அதனால் சத்தியநேசன் தினமும் இருபத்தெட்டு மூடிகளின் எண்ணையும் பார்ப்பான். வீட்டில் எவர்சில்வர் பாத்திரங்கள் இரண்டு இருந்தன. பெரிது ஒன்று, ஒரு நூல் சிறிது ஒன்று. அவற்றில் எண் இல்லை.

வியாழக்கிழமைப் பத்தியில் நான் விட்ட வாக்கியம், அவள் பாத்திரத்தை மூடிக் கொடுத்த இடத்தில் வர வேண்டியது; அவனிடம் அவள் சொன்ன கடைசி வாக்கியம். ஷெமி அதைச் சொன்னபோது அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். 'ம்' என்றான். வருடம் முழுக்க ஷாஜி சொன்ன ஒன்று ரெண்டு மூன்றையெல்லாம் திருப்பிச் சொன்னவன், அதைத் திருப்பிச் சொல்லவில்லை. பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

நாளைதான் சனிக்கிழமை. தாள் மேசைமேல் இருக்கிறது. தாசையன் பத்து மணிக்கு வருவார். சுசீலாபாயும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கல்லில் எது ஏற வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் பதிவை மட்டும் எழுதி வைக்கிறேன். ஒரு வருடம் தாமதம். சொல் எதுவும் விட்டுப்போகவில்லை.

காலை 6.50. ஷெமி, அடுக்களை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு. நான் கேட்டது:

"இஞ்ச பாருங்க, மூடி மாறிப் போச்சு, இது சின்னதுக்குள்ளது. பையில போட்டுராதிய. நேராப் பிடிச்சிட்டுப் போங்க."