பதினான்காம் வரிசையில் ஆறு இட்லி

விமானத்துக்குள் உறவுமுறைகளைக் கையில் கொண்டுபோக அனுமதி இல்லை. கத்தரிக்கோல், நகவெட்டி, ஊறுகாய் ஆகியவற்றைப் போல அவற்றையும் பெட்டியில் கட்டிச் சரக்கோடு ஏற்றிவிட வேண்டும். முன்பெல்லாம் அனுமதித்தார்கள். ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று ஒரு மாமியாரும் மருமகளும் முப்பதாயிரம் அடி உயரத்தில் பேசத் தொடங்கி, கடைசியில் விமானியே எழுந்துவந்து சமாதானம் செய்யும்படி ஆகிவிட்டது. அதிலிருந்து இந்த ஏற்பாடு. எல்லோரும் முன்பின் தெரியாதவர்களாகப் பறந்துவந்து, இறங்கியபின் பெல்ட்டில் வரும் அவரவர் உறவை எடுத்துக்கொண்டு வெளியேறுகிறார்கள்.

நான் பூங்குயில் ஹோட்டலின் வேன் ஓட்டுகிறேன். பெயர் குணாளன். வயது ஐம்பத்து மூன்று. விமான நிலையத்துக்குள் போய் விருந்தினர்களை அழைத்துவந்து ஹோட்டல் வரவேற்பறையில் ஒப்படைப்பது என் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு தலை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேனேஜர் வாயிலிருந்து வருவதாகத் தெரியவில்லை. எனக்கு உடன்பிறந்தவர்கள் கிடையாது. ஒரே ஒரு முறை விமானத்தில் போயிருக்கிறேன். என் பெட்டியை எடை போட்ட பெண், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாள்.

அன்று என் கையிலிருந்த சீட்டில் நான்கு பெயர்கள் இருந்தன. தூத்துக்குடியிலிருந்து வரும் தவசிலிங்கம், அவர் மனைவி பேச்சியம்மாள், மகள் சுபாஷிணி, பேச்சியம்மாளின் அண்ணன் ஐயம்பெருமாள். சுபாஷிணிக்கு மாலை நாலரை மணிக்கு எங்கள் ஹோட்டலின் முதல் மாடியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் வழக்கப்படி தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட்டால்தான் தட்டு மாற்றுவார்கள். தாய்மாமன் இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். அவர்கள் கண்டிப்பானவர்கள் என்று மேனேஜர் என்னிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

விமானம் பன்னிரண்டே முக்காலுக்கு இறங்கியது. பெல்ட்டருகே நால்வரும் நான்கு மூலையில் நின்றார்கள். தவசிலிங்கம் தன் மனைவியிடம், "தள்ளி நில்லுங்க மேடம், பெட்டி இடிச்சிரும்" என்றார். பேச்சியம்மாள் நன்றி சொன்னார். அப்போது தவசிலிங்கத்தின் பெட்டி வந்தது, அடுத்து பேச்சியம்மாளுடையது. இருவரும் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். உடனே அவர், ஒரே ஒரு கயிறு போட்டுக் கட்டினால் பெட்டி என்னத்துக்கு ஆகும் என்று கேட்டார். அந்த அம்மா, முதலில் சட்டையின் மேல் பித்தானைப் போடும்படி சொன்னார். உறவு சேதமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

பேச்சியம்மாளின் பெட்டியில் மூன்று பொட்டலங்கள். மனைவி, அம்மா இரண்டையும் பிரித்துவிட்டார். தங்கை என்று எழுதிய பழுப்புக் காகிதப் பொட்டலத்தை மட்டும் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டார். அதை ஒரு பக்கம் மட்டும் பிரித்தால் பிரித்தவருக்கு நெஞ்சு வலிக்கும். அண்ணன் பொட்டலமும் வந்தபிறகு சேர்த்துப் பிரிக்க வேண்டும்.

ஐயம்பெருமாளின் அட்டைப்பெட்டி கடைசியாக வந்தது. மேலே 'அண்ணன் மற்றும் தாய்மாமன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை.

புகார் கவுண்டருக்குப் போனோம். அதிகாரி பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். உடைந்தது, தொலைந்தது, மாறியது என்று மூன்று கட்டங்கள் இருந்தன. எதில் டிக் போடுவது என்று தெரியாமல் நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஐயம்பெருமாள் தொண்டையைச் செருமினார்.

"பெட்டில போட்டா தொலச்சிருவாங்கன்னு சொன்னாங்க. அதான் மாவுல கரைச்சு இட்லியா ஊத்திக் கொண்டாந்தேன்."

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் தெருக்காரர் ஒருவருடைய மருமகன் உறவு போன தீபாவளிக்கு வேறு ஊருக்குப் போய்விட்டதாம். மாமனார் வீட்டு வாசலில் பெல் அடித்துவிட்டு, மீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்லி நின்றாராம் மனிதர். அதனால் ஐயம்பெருமாள் ஆறு இட்லி ஊற்றி, மிளகாய்ப்பொடி தடவி, தூக்குவாளியில் அடுக்கிக் கையோடு எடுத்து வந்துவிட்டார். பாதுகாப்புச் சோதனையில் வாளியைத் திறந்து பார்த்தவர், பொடிக்கு எள் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டாராம்.

மாவில் கரைந்த உறவு ஆளிடம் இருக்காது. ஆகவே விமானத்தில் அவருக்கு அது வெறும் இட்லியாகத்தான் தெரிந்தது. பதினான்காம் வரிசையில் அவர் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாவுக்கு முதலில் நீட்டினார். அந்த அம்மா பேச்சியம்மாள்தான். பயணத்தில் முன்பின் தெரியாதவர் கொடுப்பதை வாங்கித் தின்னக் கூடாது என்று வேண்டாமென்றுவிட்டார். மறுபக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஐந்து இட்லி சாப்பிட்டார். ஆறாவதை எடுக்கப் போகும்போது பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள்.

தின்றது சரக்குக் கணக்கில் வராது, கேன்டீனில் போய்க் கேளுங்கள் என்றார் அதிகாரி. கேன்டீன் மாடியில் இருந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்த இட்லிக்கு அவர்கள் பொறுப்பில்லையாம், புகார் கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். நான்கு பேரையும் தள்ளுவண்டியையும் வைத்துக்கொண்டு இரண்டு முறை ஏறி இறங்கினேன். இரண்டாம் முறை இறங்கும்போது எது மாடி எது தரை என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

வெளிவாசலில் அந்தப் பெரியவர் காத்திருந்தார். பெயர் வேலாயுதம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எழுபத்தொரு வயது, வெள்ளை மீசை. ஐயம்பெருமாளைவிடப் பதினாறு வயது மூத்தவர். "மாமா, எவ்வளவு நேரம் நிக்கிறது? கால் வலிக்குது" என்றார்.

உண்டவருக்கு எந்த உறவு குறையோ அதுவாகத்தான் போய்ச் சேரும். வேலாயுதத்துக்குத் தாய்மாமன் வாய்க்கவில்லை. அதனால் இந்த வயதுவரை காது குத்தவில்லை. காது மடலைக் காட்டினார், சுத்தமாக இருந்தது. அவரை விட்டுவிட்டு வர முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. என் சீட்டில் நான்கு பெயர், வேனில் ஐந்து தலை. பத்தொன்பது வருடம் அன்றோடு சரி. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

வேலாயுதம் தாய்மாமன் மடியில் உட்கார்ந்துகொண்டார். தலை கூரையில் இடித்ததால் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

சாலையில் ரயில் பாலத்துக்காகத் தோண்டியிருந்தார்கள். மணி இரண்டரை. வேன் நகரவில்லை. தூக்குவாளியில் ஒரே ஒரு இட்லி மிச்சம் இருந்தது. அதைப் பேச்சியம்மாள் சாப்பிட்டால் அவருக்கு அண்ணன் கிடைப்பார். சுபாஷிணி சாப்பிட்டால் அவளுக்குத் தாய்மாமன் கிடைப்பார். ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக்கொள்ளவும் முடியாது. பிட்டால் ஒன்றுவிட்ட முறையாகிவிடும், அதற்கு மாலை போடும் உரிமை கிடையாது. தவசிலிங்கம் கையை மேலும் கீழும் ஆட்டி யோசித்தார். சுபாஷிணி கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பேச்சியம்மாளும் ஐயம்பெருமாளும் விமானத்தில் விட்ட பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். அவர்கள் ஊரில் மளிகைக் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கண்ணாடியில் பார்த்தபடி நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மாவின் அப்பா ஒன்பது வருடத்துக்கு முன் இறந்துபோனார். செய்தி கேட்டு அவர் ஏறிய பஸ் கோவில்பட்டியில் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூக்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. முகம் பார்க்கவில்லை. அண்ணன் காத்திருக்கவில்லை. இனி அவனோடு பேசமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், அதன்படியே இருக்கிறார். ஐயம்பெருமாளுக்கும் ஒரு தங்கை இருந்தாள். அப்பாவைத் தூக்கும்போது அவளுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஒன்பது வருடமாக அவள் பேசுவதில்லை. நிச்சயத்துக்குக்கூட மகளை விட்டுத்தான் கூப்பிட்டாள். இரண்டு கதையும் ஒரே மாதிரி இருந்ததில் இருவருக்கும் ஆறுதலாக இருந்தது.

"மழை வந்துரும்னு நாலு பேரு அவசரப்படுத்துனாங்க யம்மா. நானும் சரின்னுட்டேன். கடைசில மழையும் வரல" என்றார் ஐயம்பெருமாள்.

பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் வெளியே தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்தார். "உங்க தங்கச்சிகிட்ட இதச் சொன்னீயளா?"

"அவ பேசுனாத்தான சொல்ல?"

"எங்கண்ணனும் இப்படித்தான் எதையாவது மனசுல வச்சிக்கிட்டு இருப்பான் போல" என்று பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயம்பெருமாளும் துடைத்துக்கொண்டார். மடியில் இருந்த வேலாயுதம் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

மூன்றே கால் ஆனது. தவசிலிங்கம் பொறுமையிழந்து, இட்லியை நீயே தின்றுவிடு, அண்ணன் வந்துவிட்டால் தாய்மாமன் தானாக வந்துவிடுவார் என்று மனைவியிடம் சொன்னார். அது சரியான வழிதான். எல்லோரும் தலையாட்டினோம். பேச்சியம்மாள் இட்லியைக் கையில் எடுத்தார். மடியிலிருந்த பழுப்புப் பொட்டலத்தையும் பார்த்தார். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணன்கிட்ட பேசமாட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றார். "இவியகிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல."

இட்லியை மகள் வாயில் ஊட்டினார். சுபாஷிணி மென்று விழுங்கிவிட்டு ஐயம்பெருமாளை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, ஏன் இத்தன வருசமா வீட்டுக்கே வரல?" என்று கேட்டாள். அவர் வேலாயுதத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு அவள் தலையில் கை வைத்தார். பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தபிறகுதான் சாலை திறந்திருந்ததைக் கவனித்தேன்.

நாலு பத்துக்கு ஹோட்டலை அடைந்தோம். வரவேற்பறைப் பெண் சீட்டைப் பார்த்தாள், தலைகளை எண்ணினாள். காது குத்தாதவர்கள் எங்கள் ஹோட்டலில் குழந்தைக் கணக்கில் வருவார்கள். குழந்தைகளைத் தலையாக எண்ணுவதில்லை. வேலாயுதத்திடம் ஒரு பலூன் கொடுத்துவிட்டு நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் பத்தொன்பது வருடம் திரும்பி வந்தது.

நாலரைக்கு ஐயம்பெருமாள் சுபாஷிணிக்கு மாலை போட்டார். மாப்பிள்ளையின் அப்பா எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெண்ணின் தாய்மாமன் இவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள் சுபாஷிணி. அப்படியானால் உங்களுக்கு இவர் என்ன வேண்டும் என்று பேச்சியம்மாளிடம் திரும்பினார். வாசலில் நின்றிருந்த நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பிளேன்ல பழக்கம்" என்றார் பேச்சியம்மாள். "நல்ல மனுசர்."

மாப்பிள்ளையின் அப்பா அதைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டு மாற்றினார்கள்.

மறுநாள் வேனைக் கழுவும்போது பின் இருக்கையில் தங்கை என்று எழுதிய அந்தப் பழுப்புப் பொட்டலம் கிடந்தது. போன் செய்தேன். அப்படி ஒன்றும் தன்னுடையது இல்லை என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டார். விருந்தினர் விட்டுப்போன பொருளை முப்பது நாள் யாரும் கேட்காவிட்டால் அது ஓட்டுநரைச் சேரும். முப்பத்தோராம் நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் மட்டும் பிரித்ததால் ஒரு வாரம் நெஞ்சு வலித்தது. பிரித்தவர் பெயரும் முகவரியும் மறுமுனைக்குத் தபாலில் போய்விடும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஐயம்பெருமாள் நின்றிருந்தார். ஒரு தோளில் இரண்டு கரும்பு. கையில் பித்தளைப் பானை, மஞ்சள் குலை, மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை.

"பிளேன்ல பழக்கமான அம்மா ஒருத்தி நாள் தவறாம போன்ல சொல்லுதா, தங்கச்சியப் போய்ப் பாருங்கன்னு" என்றார். "வந்துட்டேன் ஏட்டி. அன்னைக்கு மழை வந்துரும்னு சொன்னாங்க."

நான் மீசையைத் தடவிக்கொண்டு அவரைப் பார்த்தேன். இருபது நிமிடம் அவர் காத்திருக்கவில்லை. அப்பாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. சீரை வாங்கி உள்ளே வைத்தேன், நாற்காலியை இழுத்துப் போட்டேன், சாப்பாடு போட்டேன். இரண்டாம் முறை குழம்பும் ஊற்றினேன். பேசவில்லை.