கார் கவருக்குள் உட்கார்ந்திருந்தேன்

எதிர்வீட்டு அந்தோணிராஜைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அன்றைக்கு நான் லீவு போட்டேன். ஆபீஸில் வயிற்றுவலி என்று சொன்னேன். அது முழுப்பொய்யும் இல்லை. அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி உள்ளே வந்தால் எங்கள் தெரு. பிளாட்டை விற்கும்போது கார் நிறுத்த இடம் உண்டு என்றான் பில்டர். இடம் உண்டுதான், எனக்கில்லை. அதனால் என் வெள்ளைக் கார் தெருவில், அந்தோணிராஜ் வீட்டு மதிலை ஒட்டி நிற்கிறது. மதில் அவருடையது, தெரு பொது. ஆனால் மதிலுக்குள் இருக்கிற பாதாம் மரம் பாதி தெருவை அடைத்துக்கொண்டு நீட்டியிருக்கிறதே, அதை யார் கேட்பது? அதில் தொங்கும் வவ்வால்கள் பழத்தைத் தின்று துப்புவதும் எச்சம் போடுவதும் என் வண்டியின் தலையில். வெள்ளை பெயின்ட்டில் அந்தக் கறை பிடித்தால் லேசில் போகாது.

அதற்குத்தான் கவர் வாங்கினேன். நல்ல கனமான துணி. வண்டியின் வயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துக் கட்ட நாடா உண்டு. வேலைக்கு நான் ஆவடியிலிருந்து ரயிலில் போகிறேன். எப்போதாவது திருவேற்காடு கோயிலுக்குப் போனால் வண்டியை எடுப்பேன். மற்ற நாளெல்லாம் அது கவருக்குள் பத்திரமாக இருக்கும். தண்ணி லாரிக்காரன் ஓட்டுகிற லட்சணத்துக்கு இந்த ஊரில் வண்டியை வெளியே எடுக்கிறவன் முட்டாள்.

என் மனைவி கனிமொழிக்கு இது புரியாது. வண்டி எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. கொடுத்தது யாராயிருந்தால் என்ன, காப்பாற்றுகிறவன் நான். நாமக்கல்லில் இருந்தபோதே அவள் கார் ஓட்டியவள். படித்தது பிசியோதெரபி. பூந்தமல்லியில் வீட்டுக்கே வந்து பார்க்க ஆள் தேடுகிறார்கள், வண்டியைக் கொடுங்கள், வேலைக்குப் போகிறேன் என்று இரண்டு வருடமாக நச்சரித்தாள். “நீ எடுத்தா ரெண்டே நாள்ல காயலான் கடைக்குத்தான் போகும்” என்றேன். கொஞ்ச நாளாகக் கேட்பதில்லை. ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நாடா அறுபட ஆரம்பித்தது. முதலில் தேய்ந்து போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். நைலான் கயிறு வாங்கி, நான் மட்டுமே அவிழ்க்கக்கூடிய மாதிரி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு வைத்தேன். அதுவும் அறுந்தது. எலி கடித்தால் பிசிறு பிசிறாக இருக்கும். இது வெட்டிய வெட்டு. மோந்து பார்த்தேன், மீன் நாற்றம். நாங்கள் மீன் வாங்குவதில்லை. தெருவில் யார் வீட்டில் நாள் தவறாமல் மீன் குழம்பு கொதிக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

அறுந்த கயிற்றை எடுத்துக்கொண்டு நேராக அவர் கேட்டுக்குப் போனேன். அந்தோணிராஜ் அண்ணனூர் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்த்து ரிட்டையர் ஆனவர். குட்டையான ஆள், குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

“இதை அறுத்தது யாரு?”

“இன்னா சார், காலங்காத்தால?”

“உங்க வீட்டுக் கத்திரிதான். மோந்து பாருங்க.”

வெட்கமில்லாமல் மோந்தும் பார்த்தார். “சங்கரா மீனு,” என்றார். “நேத்து எங்க ஊட்ல அதான்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்.”

“குடு. கயிறு அறுந்துச்சினு குடு. கூடவே, வண்டிய ஓட்டாம பொணம் மாரி போத்தி வச்சிகினு கீறேன்னு அதையும் எழுது சார்.”

உள்ளே அவர் மனைவி ரோஸி சிரிக்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் எங்கள் பால்கனியில் ஈரத்துணியோடு கனிமொழி நின்றுகொண்டிருந்தாள். கட்டின புருஷனை ஒருத்தன் நடுத்தெருவில் வைத்து இப்படிப் பேசுகிறான், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள்மேலும் கோபம் வந்தது.

அன்றைக்கு ராத்திரியே யோசித்து முடிவு செய்தேன். நான் ஆபீஸ் போன பிறகுதான் அந்த ஆள் கைவரிசையைக் காட்டுகிறார். அப்படியானால் நான் ஆபீஸ் போகக்கூடாது, ஆனால் போனதாகத் தெரிய வேண்டும்.

மறுநாள் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு, கனிமொழி கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினேன். தெருமுனை டீக்கடையில் நின்றுவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்ததும் திரும்பி வந்தேன். முந்தின நாள் ராத்திரி புதுக் கயிறு கட்டும்போதே டிரைவர் பக்கம் தளர்வாக விட்டிருந்தேன். கவரைத் தூக்கி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே நுழைந்தேன். பையைப் பின் சீட்டில் எறிந்தேன். கண்ணாடியை எல்லாம் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கவரைப் பழையபடி விழவிட்டேன்.

உட்காரும்போதே முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட் முன்னால் தள்ளியிருந்தது. நான் உயரமானவன், சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் ஓட்டுவேன். அப்படியென்றால் அந்தக் குட்டை மனுஷன் கயிற்றை மட்டும் அறுக்கவில்லை. எப்படியோ உள்ளே நுழைந்து, என் சீட்டிலேயே உட்கார்ந்து, என் வண்டியை ஓட்டியிருக்கிறார். இன்றைக்கு ஒன்று அவர், இல்லை நான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

உள்ளே சாம்பல் இருட்டு. காற்று இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மேலே பாதாம் பழம் ஒன்று தொப்பென்று விழுந்தது. அப்புறம் கேட் திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம்.

“அந்த ஆளு போயிட்டானா?” ரோஸியின் குரல்.

“போயிட்டான், போயிட்டான். பைய மாட்டிகினு போனத நாந்தான் பாத்தனே. கத்திரிய எட்துனு வா.”

நான் கதவுப் பிடியில் கை வைத்தேன். கயிற்றைத் தொடட்டும், பாய்ந்து சட்டையைப் பிடித்துவிடலாம். வண்டிக்கு அடியில் கறக் கறக் என்று கத்திரி கடிக்கிற சத்தம் கேட்டது. கவர் தொய்ந்தது. கதவைத் திறக்கப் போனேன்.

“போதும், அறுந்திருச்சு. அங்கிள், அந்தப் பக்கம் பிடிங்க. எனக்கு நேரமாச்சுங்க.”

அந்தக் குரலைக் கேட்டு என் கை பிடியிலேயே நின்றுவிட்டது.

கவர் முன்பக்கத்திலிருந்து சரசரவென்று நழுவியது. வெளிச்சத்தில் கண் கூசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கோட்டும் தோளில் பையுமாக, பீரோவில் இருந்த இரண்டாவது சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கனிமொழி. கவரின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு அந்தோணிராஜ். அவர் வாய் திறந்தபடி நின்றது.

அவள் நேராக வந்து கதவைத் திறந்தாள்.

“இறங்குங்க.”

“யாரைக் கேட்டு எடுத்த?”

“உங்களத்தான் கேட்டேன். ரெண்டு வருஷமாக் கேட்டேன்.” அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “பூந்தமல்லியில பக்கவாதம் வந்த ஒரம்மா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. இப்பத்தான் கையத் தூக்க ஆரம்பிச்சிருக்காங்க. இறங்குங்க.”

“இவனுங்களோட சேர்ந்துக்கிட்டு எனக்கே துரோகம் பண்றியா? வண்டிக்கு ஒண்ணு ஆனா...”

“எங்கப்பா இத நான் ஓட்டறதுக்குத்தான் வாங்கிக் குடுத்தாரு. போத்தி வைக்கறதுக்கு இல்லீங்க.”

ஓங்கி ஒன்று கொடுக்கலாமா என்று இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் ரோஸி கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இறங்கினேன்.

கனிமொழி உட்கார்ந்தாள். சீட் அவளுக்குச் சரியாக இருந்தது. பின்னால் ஒரு தண்ணி லாரி, முன்னால் யாருடையதோ பைக். நானாக இருந்தால் இறங்கி இறங்கிப் பார்த்து, நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் எடுப்பேன். அவள் ஒரே ஒடிப்பில் வெளியே எடுத்தாள். ஒரு கீறலாவது கண்ணில் படுமா என்று வண்டி திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

“நா அப்பவே சொன்னேன் சார், ஊட்டுக்காரர்கிட்ட சொல்ட்டு எடும்மானு,” என்றார் அந்தோணிராஜ். “சொன்னா சாவிய புடுங்கி வச்சிப்பாருன்னுது.”

“உங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்கல.”

“கேக்கவேணா. அந்த முனைய புடி. தரைல கெடந்தா மண்ணு ஒட்டிக்கும், அப்புறம் பாப்பா வண்டிய கீறிடும்.”

பாப்பா வண்டியாம். பிடிக்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கவர் என்னுடையது. முனையைப் பிடித்தேன். அவர் மடிக்க, நான் மடிக்க, ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் வரவேண்டியிருந்தது. கடைசி மடிப்பில் எனக்குப் பிடிக்காத அந்த முகம் என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. கவரை என் கையில் வைத்துவிட்டு அவர் நகர்ந்தார்.

“சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடும். வந்தா போத்த இன்னொரு ஆளு வேணும். நானும் ரோஸியும் இன்னிக்கி கோயிலுக்குப் போவணும். நீ இருப்ப இல்ல?”

இருப்பேன் என்றேன். வேறு எங்கே போவது? என் பையும், அதிலிருந்த சாப்பாடும், வீட்டுச் சாவியும் பின் சீட்டில் பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்தன.