இருபது நிமிடம் முந்திய கடிகாரம்

ஓரகத்திகள் இருவரும் வக்கீல்களாக இருந்தால் அந்த வீட்டுச் சமையலறையே நீதிமன்றம் ஆகிவிடும் என்று தெருவில் கேலி பேசினார்கள். அப்படிச் சத்தம் எதுவும் வரவில்லை. பெரியவள் வாயைத் திறப்பதில்லை, வினையே அதுதான்.

நீதிமன்றத்தில் வாதாடுகிறவள் சின்னவள். மனு எழுதி, நகல் எடுத்து, வரிசையில் நின்று முத்திரை வாங்கி வருகிறவள் பெரியவள். சமைத்தவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் ஒருத்தி.

இப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு பேருந்து ஓட்டுநரின் வழக்கு. மாலை நாலு பத்துக்கு நாற்சந்தியில் அமைச்சரின் கார் மீது கல் விழுந்தது. அங்கே கம்பத்தில் ஒரு கேமரா உண்டு. போகிற வருகிறவர்களின் முகத்தைப் பிடித்து, பெயரையும் நேரத்தையும் குத்தி வைக்கும். நாலு பத்துக்கு ஓட்டுநர் அங்கே நின்றார் என்றது அது. தண்ணீர் குடிக்க நின்றதாகவும், நாலு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டதாகவும் அவர் சொன்னது எடுபடவில்லை. நாலு ஐந்துக்குப் பணிமனைப் பதிவேட்டில் அவர் போட்ட கையெழுத்தை, கையால் எழுதியதுதானே என்று அரசு வக்கீல் ஒதுக்கினார். மனிதன் பொய் சொல்வான், கருவி சொல்லாது என்றார். ஓட்டுநர் பத்தொன்பது நாளாகச் சிறையில் இருந்தார்.

அந்தக் கருவியின் குட்டு பெரியவளுக்கு மட்டும் தெரியும்.

படங்களின் நகல் கேட்டுக் கேமரா கட்டுப்பாட்டு அறைக்கு மனு கொண்டுபோனவள் அவள்தான். குமாஸ்தா குத்திக் கொடுத்த சீட்டில் 10.20 என்று இருந்தது. அங்கிருந்து நடந்து போய் நீதிமன்றத்தில் இன்னொரு மனு கொடுத்தாள். அங்கே குத்திய நேரம் 10.10. பின்னால் கொடுத்த மனுவின் நேரம் முன்னால் இருக்கிறதே என்று திரும்பிப் போய்க் கேட்டாள். குமாஸ்தா சிரித்தார்.

"எங்க அதிகாரி இருபது நிமிஷம் முந்திப் பொறந்தவரும்மா. யாரும் லேட்டா வரக்கூடாதுன்னு எல்லாக் கடிகாரத்தையும் முன்னாடி தள்ளி வெச்சிட்டாரு. கேமரா மெஷினும் அவரு நேரத்துலதான் ஓடுது."

இரண்டு சீட்டுகளோடும் வீட்டுக்கு ஓடிவந்தாள். கூடத்தில் தொலைக்காட்சியில் சின்னவள் பேசிக்கொண்டிருந்தாள். மாமியார் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப் பேசுறா பாரு. நீயும் அதே படிப்புதானேம்மா படிச்சே?"

அந்தக் கேள்வியில் வஞ்சகம் இல்லை. ஆனாலும் பெரியவளின் வயிற்றில் அடுப்பு மூண்டது. சீட்டுகள் கைப்பையிலேயே தங்கின. அவ்வளவு கெட்டிக்காரி, தானே கண்டுபிடிக்கட்டுமே.

இரண்டு நாள் போயிற்று. கும்பிடக் கண்ணை மூடினால் ஓட்டுநரின் மனைவி முகம் வந்து நின்றது. ஒரு தடவை தோற்றால் சின்னவளும் சாதாரண மனுஷிதான் என்று எல்லாருக்கும் தெரியும் என்றது மனம். ஓட்டுநர் தோற்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை நாள் காலையில் பெரியவள் தன் கறுப்பு அங்கியை எடுத்தாள். ஒரு மாதமாகத் தோளில் கிழிந்து கிடந்த இடம் தைக்கப்பட்டிருந்தது. கோழி கிளறியது போலத் தையல். அதுவும் வெள்ளை நூலில்.

"நீயா தச்சே?"

சின்னவள் காகிதக் கட்டிலிருந்து தலை தூக்கினாள். "பல்ல இளிச்சுக்கிட்டு இருந்துச்சுக்கா. கறுப்பு நூல் கிடைக்கல. சிரிக்காதீங்க." ஊசி குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டாள். "இன்னிக்குத் தோத்துருவேன்னு தோணுது. அந்த மனுஷன் முகத்த எப்படிப் பாக்குறதுன்னு தெரியல."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தக் கோணல் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து சீட்டுகளை மேசையில் வைத்து, குமாஸ்தா சொன்னதையும் சொன்னாள்.

"முந்தாநாளே கையில இருந்துச்சு."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. குடுக்க மனசு வரல."

சின்னவளின் முகம் சுருங்கியது. சீட்டுகளை எடுத்துக் காகிதக் கட்டுக்குள் செருகினாள். "கிளம்புங்கக்கா. எந்தக் கடிகாரப்படி பாத்தாலும் நேரமாச்சு."

சின்னவள் சீட்டுகளைக் காட்டி, கேமராவின் நாலு பத்து நிஜத்தில் மூன்று ஐம்பதுதான் என்றாள். நீதிபதி கட்டுப்பாட்டு அறை அதிகாரியை வரவழைத்தார். அவர் தலை நிமிர்ந்தே ஒப்புக்கொண்டார். "ஒழுங்குக்காகத்தான் அய்யா."

"உங்க இருபது நிமிஷத்துக்கு இவரு பத்தொன்பது நாள் உள்ள இருந்திருக்காரு" என்றார் நீதிபதி. ஓட்டுநரை விடுவித்தார். அதே கேமராவின் சொல்லால் சிறையில் இருந்த மற்றப் பதினொரு பேரின் வழக்கையும் மறுபடி பார்க்கச் சொன்னார். கருவி சொன்னது என்ற ஒன்றை மட்டும் வைத்து இனி யாரையும் அடைக்கக் கூடாது என்றும் எழுதினார்.

வாசலில் மைக்குகள் சின்னவளைச் சூழ்ந்தன. அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. படிக்கட்டின் ஓரத்தில் நின்றிருந்த பெரியவளின் வயிற்றில் அடுப்பு இன்னும் கனன்றது. கடவுள் அதை ஒரே நாளில் அணைத்துவிடுவதில்லை. கை தன்னையறியாமல் தோளுக்குப் போய் அந்த வெள்ளை நூலைப் பிடித்தது; பிய்க்கவில்லை.

ஓட்டுநரும் மனைவியும் கூட்டத்தை விட்டு விலகி அவள் பக்கம் வந்தார்கள். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

"மணி என்னம்மா ஆச்சு?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நீதிமன்றச் சுவரில் இருந்ததையும் ஒருமுறை பார்த்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

"மூணு அம்பது."

"பாப்பா பள்ளிக்கூடம் விடுற நேரம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவர் வேகமாக நடந்தார்.