ஆள் ஏறாத நிறுத்தம்

தாத்தாவுக்கு அரை பெஞ்சுதான் கிடைத்தது. மீதி அரையில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று செய்த பெஞ்ச் அது. உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடித்தது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு இருக்கை விஷயத்தில் கொஞ்சம் கௌரவம் உண்டு. டிரைவர் சீட்டில் பக்கத்து ஆள் என்று ஒருவர் கிடையாது. இங்கே பக்கத்து ஆளின் முழங்கை அவருடைய விலாவில் குடியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு தாத்தா பாட்டி நாள். பெரியவர்கள் பிள்ளைகளின் இடத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பலகைக்கு முன்னால் வந்து, தாத்தாவிடமோ பாட்டியிடமோ கற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று டீச்சர் தெளிவாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார். இரண்டு பக்கப் பாட்டிகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; மிச்சம் இருப்பது இரண்டு வீட்டில் இரண்டு தாத்தா. பேத்தி சிட்டு இருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கூப்பிட்டாள். "நான் மட்டும்தானே?" என்று இருவரும் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டாள். எட்டு வயதிலேயே இவ்வளவு ராஜதந்திரம் அவளுக்கு எந்தப் பக்கத்து ரத்தம் என்று இரு வீட்டாரும் உரிமை கொண்டாடலாம்.

சம்பந்தி, அதாவது மருமகளின் அப்பா, ஓய்வு பெற்ற டிராஃபிக் போலீஸ்காரர்; பக்கத்திலேயே தன் மகன் வீட்டில் இருந்தார். ஒருவர் பிழைப்பு வண்டியை ஓட்டுவது, இன்னொருவர் பிழைப்பு வண்டியை நிறுத்துவது. பெரியவர்கள் பார்த்து முடித்திருந்தால் இப்படியொரு பொருத்தம் அமைந்திருக்கவே அமைந்திருக்காது. காதல் கல்யாணம், அதனால் அமைந்துவிட்டது.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க சம்பந்தி."

"இதுக்கு மேல தள்ளினா நான் அடுத்த வகுப்புலதான் உட்காரணும்" என்றார் சம்பந்தி.

டிரைவர் தாத்தா சிரிக்கவில்லை. காரணம் சிட்டு. அவள் இன்னும் சற்று நேரத்தில் முன்னால் போய் நின்று வாயைத் திறக்கப்போகிறாள்.

போன மாதம் வரை பள்ளி விட்டதும் அவளை வீட்டுக்குக் கூட்டிவருவது அவர் பொறுப்பு. அந்த நாளில் அவருக்கிருந்த ஒரே வேலை அதுதான்; மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருப்பது. குறுக்குச் சந்து வழியாக வந்தால் சடுதியில் வந்துவிடலாம். அவர் பெரிய சாலை வழியாகத்தான் வருவார். பெரிய சாலையில் பஸ் ஸ்டாப்புகள் உண்டு. பஸ் ஸ்டாப்பைக் கண்டால் அவருடைய கால் நின்றுவிடும். அவர் நிறுத்துவதில்லை, அதுவாக நின்றுவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். டிப்போ பழக்கமும் அப்படித்தான் போலிருக்கிறது.

சிட்டு இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாம் நாள் அவளே கண்டக்டர். தாத்தா நின்றால், அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு "ரைட்" என்பாள், தாத்தா நகர்வார். டிரைவருக்கு ஊரில் எத்தனை அதிகாரம் இருந்தாலும் கண்டக்டர் சொல்லாமல் வண்டி எடுக்கக் கூடாது. இது சட்டம். பேத்தி கண்டக்டர் என்பதற்காகச் சட்டத்தைத் தளர்த்துவதா?

வினை அங்கேதான் வந்தது. ஒருநாள் வழியில் ஒரு நாய்க்குட்டி பின்னாலேயே வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றாள். கூடாது என்றார். சிட்டுவுக்குக் கோபம். அடுத்த ஸ்டாப்பில் தாத்தா நின்றார். சிட்டு ரைட் சொல்லவில்லை. கைகட்டி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் கெஞ்சினார், மிரட்டினார், ஜோக் சொன்னார். ம்ஹூம். மழை வேறு பிடித்துக்கொண்டது. பஸ்கள் வந்து நின்று கதவைத் திறந்து, இந்த இரண்டு பேரும் ஏறாததைக் கண்டு முணுமுணுத்துவிட்டுப் போயின. தெருவிளக்கு எரிந்த பிறகு, குடையோடு தேடிவந்த சம்பந்திதான் அவர்களைக் கண்டுபிடித்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"நிக்கிறேன்."

"பஸ்ஸுக்கா?"

"இல்லை."

"பின்ன?"

எட்டு வயதுப் பிள்ளை ரைட் சொல்லாததால் நிற்கிறேன் என்று எந்த மனிதன் எந்தச் சம்பந்தியிடம் சொல்லுவான்? அதுவும் ஒரு டிராஃபிக் போலீஸ்காரரிடம்! அதோடு, சொன்னால் சிட்டுவுக்கு அம்மாவிடம் அர்ச்சனை விழும். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார். அந்தச் சும்மாதான் அவருக்கு எமன்.

அன்று ராத்திரி மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலில் தேன் தடவியிருந்தது. அப்போதே அவருக்குச் சந்தேகம்.

"அப்பா, இன்னிக்கு என்ன கிழமை?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

ஓய்வு பெற்றவனுக்கு எல்லாக் கிழமையும் ஞாயிறு. அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாமா, நீங்க ஓய்வா இருங்க. எங்கப்பா கூட்டிட்டு வரட்டும்" என்றாள் மருமகள், அன்பாகத்தான். அன்பாகச் சொல்வதை எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. மறுநாளிலிருந்து சம்பந்தி குறுக்குச் சந்து வழியாகச் சிட்டுவை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் மகன் டோக்கன் வாங்கிவிட்டான். நாளை மறுநாள்.

இந்த நிலையில் சிட்டு வாயைத் திறந்து பஸ் ஸ்டாப் கதையைச் சொன்னால், ஒரு வகுப்பே சாட்சி. சம்பந்தி பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். அப்புறம், பறிபோன மாலை நேரம் டிரைவர் தாத்தாவுக்குத் திரும்பவே கிடைக்காது.

"அடுத்து யாரு?" என்றார் டீச்சர்.

ஒரு பையன் தையல்காரத் தாத்தாவிடம் ஊசியில் நூல் கோக்கக் கற்றதைச் சொன்னான். ஒரு பெண் நர்ஸ் பாட்டியிடம் கைகழுவக் கற்றதைச் சொல்லி, குழாயில்லாத இடத்தில் தண்ணீரில்லாமல் கழுவியும் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு சிட்டு வந்தாள்.

"எனக்கு ரெண்டு தாத்தா" என்று ஆரம்பித்தாள். "போலீஸ் தாத்தாகிட்ட வேகமா நடக்கக் கத்துக்கிட்டேன்."

சம்பந்தியின் மீசை நிமிர்ந்தது.

"டிரைவர் தாத்தாகிட்ட நிக்கக் கத்துக்கிட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டிரைவர் தாத்தா மேசைமேல் யாரோ செதுக்கியிருந்த பூனைப் படத்தை அக்கறையாகப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாப் வந்தா நிக்கணும். யாரும் ஏறலைன்னாலும் நிக்கணும். நான் ரைட் சொன்னாதான் தாத்தா நகருவார். ஒருநாள் நாய்க்குட்டி வேணாம்னுட்டார். நான் ரைட் சொல்லலை. மழை பெஞ்சுது. தாத்தா நகரவே இல்லை. அம்மா கேட்டப்போ என்னை மாட்டியும் விடலை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவ்ளோதான்."

போய் உட்கார்ந்துவிட்டாள். நீதிமன்றத்தில் தூக்குக்கயிற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பாட்டுக்குப் போகிற மாதிரி.

"ஐயா," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன் நிக்கிறீங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்றீங்களா?"

இங்கே ஏதாவது பெரிய வார்த்தையாகச் சொல்லியிருக்கலாம். பொறுமை, கடமை என்று நாலு சொல் எடுத்துவிட்டால் டீச்சர் பலகையில் எழுதிப் போட்டிருப்பார். அவர் எழுந்தார், முழங்கால் மேசையில் இடித்தது, வலியில் உண்மை வந்துவிட்டது.

"காரணம்லாம் ஒண்ணுமில்லம்மா. கால் நின்னுடுது. மனசு 'வேலை முடிஞ்சுபோச்சுடா, நட'ன்னுதான் சொல்லுது. கால் கேக்க மாட்டேங்குது. அதுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லலை போல."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. உட்கார்ந்துவிட்டார்.

பின்வரிசையிலிருந்து நர்ஸ் பாட்டியின் குரல் வந்தது. "எனக்குக் கைதான். யார் கையைக் குடுத்தாலும் விரல் தானா நாடிக்குப் போயிடும். எங்க வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கை குடுத்தேன்; நாடி எகிறுது. பொண்ணுக்குக் குடுத்தேன், கல்லு மாதிரி நிதானம். அந்த வீட்டுல யாரு ராஜ்யம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எனக்குக் கண்ணு" என்றார் தையல்காரர். "முகம் ஞாபகம் இருக்காது, தோள் ஞாபகம் இருக்கும். டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்."

டீச்சர் பதறிப்போய் இடது தோளைத் தூக்கினார். இனி ஆயுசுக்கும் தூக்கிக்கொண்டுதான் இருப்பார்.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியம்மா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவராம். "வீட்டுல கூப்பிட்டா, 'லைன்ல இருங்க'ன்னு வாய் சொல்லிடுது. எங்க வீட்டுக்காரர் பாவம், பாதி நாள் லைன்லயேதான் இருக்கார்."

இப்போது வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இவர்களுக்கு வேறு எந்த உறுப்பு சொல்பேச்சுக் கேட்காது என்று. "எங்க தாத்தா தூக்கத்துல மூட்டை தூக்குறார் டீச்சர்!" என்று ஒருவன் எழுந்து நின்று காட்டிக்கொடுத்தான். டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

இதற்குள் சம்பந்தியின் முழங்கை டிரைவர் தாத்தாவின் விலாவிலிருந்து விலகியிருந்தது. மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலேயே எழுந்தார்.

"எங்க வீட்டுல பாத்ரூம் ஒண்ணுதான். வாசல்ல ரெண்டு பேர் வந்தா, என் கை தானா ஒருத்தரை நிறுத்திடும், இன்னொருத்தரை விட்டுடும்." உள்ளங்கையை விறைப்பாக நீட்டிக் காட்டினார். "போன வாரம் மருமகளை நிறுத்திட்டேன். பாவம், அதுவும் நின்னுச்சு. அப்புறம் பார்த்தா இந்தப் பக்கம் யாருமே வரலை."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. சம்பந்தி சிரிக்கவில்லை. உட்கார்ந்து, பூனைப் படத்தைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னார்:

"மறதின்னு நான்தான் சம்பந்தி மாப்பிள்ளைகிட்ட சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பெஞ்சுல இடம் குடுத்தீங்க?"

"எங்க குடுத்தேன்? நீங்களா எடுத்துக்கிட்டீங்க."

மணி அடித்ததும் பிள்ளைகள் அணை உடைந்தது போலக் கொட்டினார்கள். பள்ளி வாசலில் சம்பந்தி சிட்டுவின் பையைத் தோளிலிருந்து இறக்காமல், போனை எடுத்துக் காதில் வைத்தார். டிரைவர் தாத்தா சற்றுத் தள்ளி நின்று, கேட்காதது போல எல்லாவற்றையும் கேட்டார்.

"மாப்பிள்ளை, நான்தான். பாப்பாவை இனிமே உங்கப்பாவே கூட்டிட்டு வரட்டும்... ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன்... நாளை மறுநாள் டாக்டரா? கூட்டிட்டுப் போங்க, வேணாங்கலை. அப்படியே எனக்கும் ஒரு டோக்கன் போட்டுடுங்க... ஏனா? உங்க மச்சான் சம்சாரத்தைக் கேளுங்க, சொல்லும்."

அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சு நடந்தது. பிறகு போன் டிரைவர் தாத்தாவின் கைக்கு வந்தது. இந்த ஒரு மாதமாக மகனிடம் சொல்வதற்கென்று அவர் சில வாக்கியங்களைத் தீட்டி வைத்திருந்தார். எல்லாம் நல்ல கூர்மையான வாக்கியங்கள்.

"அப்பா," என்றான் மகன், "மழைல நின்னீங்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்டா" என்றார். தீட்டிய வாக்கியம் ஒன்றுகூட உறையிலிருந்து வெளியே வரவில்லை.

"லேட்டானா ஒரு போன் மட்டும் பண்ணிடுங்கப்பா."

"சரிடா."

சம்பந்தி பையைக் கழற்றி அவரிடம் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சந்து முனையில் மூன்று பேரும் நின்றார்கள். சம்பந்தியின் வீடு சந்து வழியாகப் போனால் பக்கம். அவர் சந்தைப் பார்த்தார், பெரிய சாலையைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். வாட்ச் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"வீட்டுல எனக்கு மட்டும் என்ன கலெக்டர் வேலையா காத்திருக்கு?" என்று சொல்லிவிட்டுக் கூடவே நடந்தார்.

முதல் ஸ்டாப் வந்தது. டிரைவர் தாத்தாவின் கால் நின்றது. சம்பந்தி இரண்டு அடி தாண்டிப் போய், திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். வெயில் தணிந்திருந்தது. சாலையில் பஸ் எதையும் காணோம்.

"இப்ப நான் என்ன பண்ணணும் சம்பந்தி?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நின்னா போதும்."

"எவ்வளவு நேரம்?"

டிரைவர் தாத்தா சிட்டுவைப் பார்த்தார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய பிஸ்கட் துணுக்கை நடைபாதை விளிம்பில் ஏற்றப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்புக்கு அவசரமில்லை. அவளுக்கும் இல்லை.

"அது நம்ம கையில இல்லை" என்றார்.