பன்னிரண்டாம் பகுதி, முதல் வரிசை

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான். எங்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சீசன் டிக்கெட் கேட்டுப் போன் செய்தவர், "ராண்டல் ஆட்டம் இந்தத் தடவையும் கெல்சோவுலதானே?" என்றார். ஆமாம் என்று சொல்லி, அவர் கேட்டபடியே மைதானத்தில் பன்னிரண்டாம் பகுதி முதல் வரிசையில் ஓர் இருக்கையை விற்றுவிட்டேன்.

ராண்டல், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எதிரிக் கல்லூரி; கெல்சோ கல்லூரிக்காரர் எவரும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சின்னக் குழந்தைகூட "அக்கரைக்காரங்க" என்றுதான் சொல்லும். எனக்கு உறைக்கவில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டிக்கெட் அலுவலகத் தலைவி டார்லீனுக்கு உறைத்தது.

"கார்பின், அந்தாளு பேரச் சொன்னானே, கேக்கலையா? காதுல என்ன, சோளமா வெதச்சிருக்க?"

போன வருடம் அக்கரைக்காரர்கள் எங்கள் சீசன் டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். மற்ற ஆட்டங்களுக்கெல்லாம் அந்த இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அவர்களோடு மோதிய அன்று மட்டும் பாதி மைதானம் அவர்களுடைய ஆரஞ்சு நிறம். அந்தக் கூச்சலில் எங்கள் பையன்கள் சொந்த மைதானத்திலேயே ஊமைகள்போலச் சைகை காட்டி ஆடினார்கள். அதனால்தான் இந்த வருடம் அக்கரைக்கு ஒரு டிக்கெட்டும் போகக்கூடாது என்பது டார்லீனின் கட்டளை.

டிக்கெட்டை ரத்து செய்ய நானே கூப்பிட்டேன். அவர் பெயர் எவரெட் பிளாத்.

"நீங்க அந்தப் பக்கத்து ஆளா சார்?"



"எம்பையன் அங்க ஆடறான் தம்பி. நம்பர் அம்பத்தெட்டு."

"அப்போ வீட்டு ஆளுங்களுக்குன்னு அவனுக்கே காலேஜுல டிக்கெட் தருவாங்களே?"

"பேரு அவன் குடுக்கணும். எம்பேரக் குடுக்க மாட்டான். அவங்க மைதானத்துக்கு வராதன்னு சொல்லிட்டான். நான் செஞ்சது அப்படி."

என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

"உங்க ஆளுங்க நடுவுல உக்காந்தா என்னை யாரு கண்டுபிடிக்கப் போறா? உங்க காலேஜு ஊதாச் சட்டை போட்டுக்கறேன் தம்பி. எல்லாரும் அவனத் திட்டினா, நானும் கூடச் சேர்ந்து திட்டறேன். போதுமா?"

ரத்து என்ற சொல்லைச் சொல்லாமலே போனை வைத்தேன். டார்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"போன வருஷம் ஒருத்தன், சாகக் கெடக்கற அம்மாவுக்குக் கடைசி ஆசைன்னான். அந்தம்மா ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கிட்டு, பெஞ்சு மேல ஏறி நின்னு ஆடுச்சு!"

"இவர் பொய் சொல்ற மாதிரி தெரியல, டார்லீன்."

"உனக்கு யாருதான் அப்படித் தெரிஞ்சிருக்கா? சரி, வித்தது நீ. முடிவும் நீயே பண்ணு. ஆனா ஏதாவது ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்."

வேலை முடிந்து நான் படிக்கும் மாலை வகுப்பில் பாடம் மண்டையில் ஏறவில்லை. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் மைதானப் படமே கண்முன் நின்றது. பன்னிரண்டாம் பகுதிக்குக் கீழேதான் எதிரணி வெளியே வரும் வாசல். எங்கள் ஆட்கள் கம்பிமேல் சாய்ந்து கேலி செய்யும் இடம். ஆட்டக்காரர்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, கைக்கு எட்டும் தூரத்தில் நடந்து வருவார்கள்.

ஐம்பத்தெட்டு, குனிந்து பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ளிவிடுகிறவன். ஆட்டம் முழுக்க அவன் முகம் யாருக்கும் தெரியாது. அந்த வாசலில் மட்டும்தான் தெரியும். மகனின் முகத்தை ஒரு தடவை பார்க்க அப்பா அந்த இடத்தைக் கேட்டாரா, இல்லை தன் முகத்தை அவனுக்குக் காட்டவா? யார் கண்ணிலும் படமாட்டேன் என்றவர், அவன் கண்ணுக்குத் தப்பவே முடியாத இடத்தைக் கேட்டிருக்கிறார்.

அவர்மேல் இரக்கப்பட்டு, வராதே என்று சொன்ன பையனின் எதிரே அவரை நானே கொண்டுபோய் நிறுத்திவிடுவேனோ? அந்தப் பையன் பக்கத்துக் கதை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லாரும் திட்டப்போகிற அந்தப் பையனுக்காகக் கவலைப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதுவும் தவறோ என்னவோ.

நாளை காலை அலுவலகம் திறந்ததும் பிளாத்தைக் கூப்பிட வேண்டும். பன்னிரண்டாம் பகுதி இல்லை, வடக்குக் கோடியில் கடைசி வரிசை தருகிறேன், அங்கிருந்து அவனைப் பார்க்கலாம், அவன் உங்களைப் பார்க்க முடியாது என்று சொல்ல வேண்டும். சரி என்றால் மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த இடம்தான் வேண்டும் என்றால் ரத்து செய்ய வேண்டும்.